கிணற்றடியில் ஓர் ஆங்கிலப் பேச்சு

போன கிழமை என் மகள் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். என்னடி பிள்ளை என்று கேட்டேன். அலுவலகத்தில் இந்த வருடத்துக்கான கோல், அதுதான் இலக்கு, எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதியது போதாதாம், இன்னும் வேண்டுமாம். ஒன்றும் தோன்றாவிட்டால் போன வருடத்துக் கோலையே கொஞ்சம் மாற்றிப் போடப் போகிறாளாம். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை காலம் கழித்தும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அப்படித்தான். உங்களில் என் வயதுக்காரர்கள், அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்கள், காரணத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்வீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முழங்கால் வலிக்காரி நான், இடையில் எழும்பி நடந்து வேறு கதைக்குப் போனால் கோபிக்கக் கூடாது.

கொடிகாமம் சந்தையிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. தென்னங்காணி. அப்பா சந்தைக்குத் தேங்காய் போடுகிறவர். வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள்: அண்ணை, அவருக்கு ஒரு வயது இளைய அக்கா, பிறகு நெடுநாள் இடைவெளி விட்டு நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஊருக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் மருந்து மாதிரிக் கிடைத்தது. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு, திரி போட்டு, அதுதான் விளக்கு. வீட்டுக்கு ஒரு விளக்கு. ஒரு விளக்கில் ஒரு ஆள்தான் ஒழுங்காகப் படிக்கலாம் என்பது அம்மாவின் தீர்ப்பு. அந்த ஒரு ஆள் அண்ணை.

அண்ணைக்கு அது மூன்றாம் ஷை. உயர்தரச் சோதனையை மூன்று முறை எழுதலாம் என்பதால் எங்கள் ஊரில் முதலாம் ஷை, இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு வருகிறவர்கள் நலம் விசாரிப்பதற்கு முன் 'தம்பி எத்தினையாம் ஷை?' என்று கேட்பார்கள். மூன்றாம் ஷை என்று சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்கிவிடும். அண்ணை டொக்டராக வேண்டும் என்று அண்ணை பிறந்த அன்றே முடிவாகியிருந்தது. அண்ணையை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. உங்கள் அம்மாமாருக்கும் இருந்திருக்கும். குண்டு போட பொம்மர் விமானம் வந்தால் பிள்ளைகளைப் பங்கர்க் குழிக்குள் இழுத்துக்கொண்டு ஓடலாம். ஆயுதம் தூக்கவென்று பிள்ளை தானாக எழும்பி இயக்கத்துக்குப் போனால் யாரை இழுப்பது? ரியூசனுக்கென்று காலையில் போன பிள்ளை மத்தியானம் வராது. பின்னேரம் முன்பின் தெரியாத ஒருவன் அந்தப் பிள்ளையின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வேலிப் படலையில் சாத்திவிட்டுப் போவான். செய்தி அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி இரண்டு சைக்கிள் திரும்பி வந்திருந்தது. பிள்ளைக்குப் பெரிய நோக்கம் ஒன்று இருந்தால் அது போகாது, படிப்பே பிடித்து வைத்திருக்கும் என்று அம்மா நம்பினார். நம்பியும் பயம் விடாமல் அண்ணையின் சைக்கிளைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். அக்காவின் லேடீஸ் சைக்கிள் மாமரத்தடியில் பூட்டில்லாமல் நின்றது. அதைப் பூட்ட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

இனி கோலுக்கு வருகிறேன். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில். நெல் வெட்டு முடிந்ததும் பெடியள் இரண்டு கமுகந்தடி நட்டுப் பந்தடிப்பார்கள். அந்தத் தடிகளுக்குப் பெயர் கோல். பந்து உள்ளே போனால் அதுவும் கோல். தடிகளுக்கு நடுவே நின்று மறிப்பவரும் கோல். 'ஆரடா இண்டைக்குக் கோல்?' என்று கேட்பார்கள். எப்போதும் அண்ணைதான். வீட்டில் பூனை மாதிரி நடக்கிற அண்ணை அங்கே பாய்ந்து விழுந்து எழும்புவதைப் பார்க்க வேண்டும். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. அதை அம்மா காணாமலிருக்க நீளக்கைச் சேட்டுப் போட்டுக்கொண்டு படிக்க உட்காருவார்.

படிப்பது என்றால் எப்படி என்றும் சொல்ல வேண்டும். அண்ணையின் கையெழுத்துக் கோழி கிளறியது மாதிரி. அதனால் ரியூசன் நோட்ஸை அக்கா முத்து முத்தாக மறுபடி எழுதிக் கொடுப்பார். பிறகு அண்ணை பாடமாக்குவார். பாடமாக்கியதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அக்கா கொப்பியைப் பிடித்துக்கொண்டு சரிபிழை பார்ப்பார். இது அம்மா போட்ட ஒழுங்கு. 'நீ பாத்துக்கொண்டிரு பிள்ளை, அவன் சொல்லட்டும்.' அக்கா உயர்தரத்துக்கு முந்தின ஓஎல் சோதனையில் நல்ல பேறு எடுத்தவர்தான். ஆனால் ரோட்டு இருக்கிற நிலையில் குமர்ப்பிள்ளையை இனி அலைய விடேலாது என்று அத்தோடு மறித்தாயிற்று. இருதயத்தின் அறைகள், தவளையின் குடல், இலையின் நரம்பு என்று அண்ணை ஒவ்வொன்றாகத் தடக்கித் தடக்கிச் சொல்வார். ஓரிடத்தில் நின்றுவிடுவார். அக்கா கொப்பியைப் பார்க்காமலே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். கொப்பியைப் பார்க்காமலே என்பதை அந்த வீட்டில் இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினம் வந்தது. எங்கள் ஆங்கில ரீச்சர் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, இதற்கு என்ன கருத்து என்று கேட்டார். பெடியள் ஒரே குரலில் பந்து என்றார்கள். 'அதுவும் சரி. இது வாழ்க்கையிலை நீங்கள் அடைய வேண்டிய கோல்' என்று ரீச்சர் சொல்லி, ஒவ்வொருவராக எழுப்பினார். டொக்டர், எஞ்சினியர், டொக்டர், டொக்டர், எக்கவுண்டன். கடைசி வாங்கில் இருந்த பெடியன் மட்டும் லொறி ஓடப் போறன் என்றான். ரீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. அவன் இப்போது கனடாவில் பெரிய லொறி ஓடுகிறான். அந்த வகுப்பில் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவன்தான். நானும் டொக்டர் என்றேன். எனக்கு முன்னால் இருந்தவள் அப்படிச் சொன்னதுதான் காரணம், வேறொன்றுமில்லை. ஆனால் எனக்குத் தொண்டை பெரியது. மைக் இல்லாத காலத்தில் அது ஒரு தகுதி. பேச்சுப் போட்டிக்கு என்னைத் தெரிவுசெய்துவிட்டார்கள்.

பேச்சை யார் தருவது? அக்காதான். எழுதித் தரவில்லை, வாயால் சொல்லித் தந்தார். தாள் கிடைக்காத காலம், இருந்த தாளெல்லாம் அண்ணையின் நோட்ஸுக்குப் போனது. குசினி வாசலில் தேங்காய் திருவிக்கொண்டே அக்கா ஒரு வரி சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். முதல் வரி எனக்கு இன்றும் மூச்சு மாதிரி வரும். மை கோல் இன் லைஃப் இஸ் ரு பிகம் எ டொக்டர். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்கு வெறும் சத்தம்.

'கருத்துச் சொல்லுங்கோவன் அக்கா' என்றேன்.

'கருத்து உனக்கு என்னத்துக்கு? மூச்சு எடுக்கிற இடத்தைச் சரியாப் பாடமாக்கு.'

'கோல் எண்டால் மட்டும் சொல்லுங்கோ. எயிமும் அதுவும் ஒண்டே?'

அக்கா திருவலையை நிறுத்தினார். 'எயிம் எண்டால் குறி வைக்கிறது. ஆரும் எங்கையும் நிண்டு வைக்கலாம். கோல் எண்டால் போய்ச் சேருற இடம். அதுக்கு நடந்து போகோணும்.'

'உங்கடை கோல் என்னக்கா?'

'இண்டைக்கு இந்தத் தேங்காயைத் திருவி முடிக்கிறது' என்று சொல்லிவிட்டு மறுபடி திருவத் தொடங்கினார்.

நான் கிணற்றடியில் நின்று கத்திக் கத்திப் பாடமாக்கினேன். கிணற்றுக் கட்டுக்குள் தலையை விட்டுச் சொன்னால் குரல் இரண்டாகத் திரும்பி வரும், அது எனக்குப் பிடிக்கும். காலை ஒரு தரம், பள்ளிக்கூடத்தால் வந்து ஒரு தரம், குளிக்கும்போது ஒரு தரம். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, 'உவள் பிள்ளை இங்கிலீசிலை வெளுத்து வாங்குறாள்' என்பார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லும் அவருக்குப் பிடித்துக்கொண்டது. அண்ணை வயற்பக்கம் கண்ணை விட்டால், 'தம்பி, அந்தக் கோலை விட்டிட்டு உன்ரை கோலைப் பார்' என்பார். அண்ணை தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு அப்போது அது பகிடியாக இருந்தது. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்தது. இரண்டு வெள்ளை நிறக் கிண்ணங்கள், ஒன்றில் விளிம்பு உடைந்திருந்தது. பரிசளிப்புக்கு வந்த அப்பாவிடம் ஆங்கில ரீச்சர், 'நல்ல பேச்சு. உதைத் தயாரிச்ச பிள்ளைக்குத் தெளிவான ஒரு கோல் இருக்கு, விட்டிடாதேங்கோ' என்றார். அப்பா என் தலையைத் தடவி, 'ஓம் ரீச்சர், இவள் கடைக்குட்டி, இவளையும் படிப்பிப்பம்' என்றார். ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வானத்தில் ஹெலி சத்தம் கேட்டு எல்லோரும் கலைந்து ஓடிவிட்டோம்.

பிறகு சோளகக் காற்று ஊதும் மாதம் வந்தது, அண்ணையின் சோதனையும் வந்தது. மூன்றாம் ஷை என்பதால் பள்ளிக்கூடத்தால் இல்லை, தனியாக விண்ணப்பம் போட்டு எழுத வேண்டும். சாவகச்சேரியில் ஒரு கல்லூரியில் மண்டபம். முதல் நாள் காலை அம்மா முடிச்சை அவிழ்த்துத் திறப்பைக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அண்ணை சாப்பிடவில்லை. சைக்கிளில் ஏறும்போது கால் வழுக்கியது.

அண்ணை போன கையோடு அக்கா அரிசிப் பையைத் தன் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார்.

'அம்மா, மா முடிஞ்சு போச்சு. மில்லுக்குப் போட்டு வாறன்.'

'வெள்ளென வா பிள்ளை' என்று அம்மா குசினிக்குள் இருந்தபடியே சொன்னார்.

அக்கா கோயிலுக்குப் போடும் நல்ல சட்டையைப் போட்டிருந்தார். மில்லுக்கு ஏன் உந்தச் சட்டை என்று கேட்டேன். 'மற்றது ஈரமடி' என்றார். என் கன்னத்தில் கிள்ளிவிட்டுப் போனார். அக்கா கிள்ளுகிற ஆளில்லை.

வெயில் மாமரத்துக்கு மேலே ஏறியது. அக்காவைக் காணவில்லை. மில்லில் சனமாக்கும் என்று அம்மா சொன்னார். கொஞ்சம் பொறுத்து, மில் பழுதாக்கும் என்றார். பிறகு படலைக்கும் குசினிக்குமாக நடந்தார். பக்கத்து வீட்டு மாமி தான் ஒரு எட்டுப் பார்த்து வருவதாகப் போனார். மாமி எப்போதும் ஓட்டமும் நடையுமாக வருகிறவர். அன்று மெல்ல வந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

'மில்லுக்கு வரவேயில்லையாம். ஒருத்தரும் காணேல்லையாம்.'

அம்மா அப்படியே குந்திவிட்டார். 'என்ரை பிள்ளை போட்டுது' என்றார்.

ஒரு குமர்ப்பிள்ளை வேறெங்கே போகும்? எங்கள் ஊரில் அந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு ஒரு மறுமொழிதான் இருந்தது. ஒழுங்கைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் இருந்தார்கள். அதற்கும் ஒரு முறை வந்துவிட்டிருந்தது. செத்தவீட்டுக்கு மாதிரியே வருவார்கள், ஆனால் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். அடுப்பு மூட்ட விட மாட்டார்கள். ஒருவர் வெறுந்தேத்தண்ணி கொண்டுவருவார். பிறகு அடையாளம் தேடத் தொடங்குவார்கள். 'கொஞ்ச நாளாய் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை, கவனிச்சனீங்களே?' 'தலைமயிரைக் கட்டையா வெட்டினால் நல்லதெண்டு ஒருநாள் கிணத்தடியிலை சொன்னவள்.' 'நான் கூப்பிடக் கூப்பிட ஏதோ யோசிச்சுக்கொண்டு போனவள்.' எல்லாம் பொருந்திப் பொருந்தி வந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனதை நானும் சொன்னேன். கன்னத்தைக் கிள்ளியதைச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

அம்மாவுக்கு முட்டு வந்துவிட்டது. அடுப்புப் புகையிலும் பயத்திலும் அவருக்கு மூச்சு இழுக்கும், நெஞ்சு விசிலடிக்கும். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கண் படலையை விட்டு அகலவில்லை. எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். யாராவது அந்த லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார்கள். இங்கே இருக்கும் எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் வந்தால் கல்லால் எறிவது என்று நான் ஒரு கல்லை எடுத்து வைத்திருந்தேன்.

சந்தையிலிருந்து ஓடி வந்த அப்பா இயக்கத்தின் முகாமடிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். 'அங்கை வரேல்லையெண்டு சொல்லினம்.'

'முதல் அப்பிடித்தான் சொல்லுவினம்' என்றார் மாமி. அப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்போது ஒழுங்கையில் சைக்கிள் சத்தம். எல்லோரும் எழும்பினார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வந்தது அண்ணை. முற்றத்துச் சனத்தைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

'ஆர் செத்தது?'

'தங்கச்சி போட்டாளடா' என்றார் அம்மா.

'எங்கை போனவள்?'

அண்ணைக்கு மெல்லத்தான் விளங்கியது.

'என்ன கதைக்கிறியள்? அவள் அங்கை சோதினை எழுதிக்கொண்டெல்லோ இருக்கிறாள்.'

'என்ன சோதினை?'

'என்ரை சோதினைதான். எனக்கு முன்னாலை இருக்கிறாள். நானும் உள்ளை போய்த்தான் கண்டனான். நான் எழும்பி வரேக்கையும் குனிஞ்ச தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவள்.'

அப்பா சால்வையை எடுத்தார். 'நீ ஏன் அதுக்குள்ளை எழும்பி வந்தனி?' என்றார். அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார்.

மாமி சிரிக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு சேலையை உதறி எழும்பிப் போனார்கள். எனக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. உலகத்தில் இனி ஒரு கெட்ட காரியமும் நடக்காது என்று நினைத்தேன்.

அக்கா வெயில் சாயத்தான் வந்தார். படலையைத் திறந்ததும் எல்லோரும் நிற்பதைக் கண்டு, தெரிந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டார். சைக்கிளை நிறுத்தி, கரியரிலிருந்து பையை அவிழ்த்து அம்மாவிடம் நீட்டினார். திரும்பி வரும்போது மில்லுக்குப் போய் மாவையும் திரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா பைக்குள் கையை விட்டார். மா இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் கையை வைத்தபடி அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அண்ணையின் விண்ணப்பத்தை நிரப்பும் வேலையும் அக்காவுக்குத்தான் கொடுக்கப்பட்டது. அதோடு தனக்கும் ஒன்று நிரப்பி அனுப்பியிருக்கிறார். கேட்டால் விட மாட்டார்கள் என்று கேட்கவில்லை. இதை அக்கா மறைக்காமல் சொன்னார். பிறகு, 'நாளையண்டைக்கு அடுத்த பேப்பர் அம்மா' என்றார்.

'இனி ஒரு பேப்பரும் வேண்டாம்.'

'அம்மா, நான் உங்கை இயக்கத்துக்குப் போறதெண்டால் எப்பவோ போயிருப்பன். நான் போகோணுமெண்டு நினைச்ச இடம் வேறை.'

'சொல்லாமல் சோதினைக்குப் போனவள் சொல்லாமல் எங்கையும் போவாய்' என்றார் அம்மா. 'இண்டைக்கு நான் செத்துப் பிழைச்சனான். இன்னொருக்கால் ஏலாது.'

இதுதான் அம்மா அப்பாவின் கணக்குப் பிழைத்த இடம் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அவர்களைப் பயப்படுத்தியது சோதனை இல்லை. இவ்வளவு நாள் ஒரு விசயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு வீட்டில் தேங்காய் திருவக்கூடிய பிள்ளை என்பதுதான். அப்படிப்பட்ட பிள்ளையை இனி நம்பேலாது என்று முடிவெடுத்தார்கள். அன்று பின்னேரமே அப்பா சந்தையில் ஒரு பூட்டு வாங்கி வந்தார். அம்மாவின் இடுப்பு முடிச்சில் இரண்டு திறப்பு ஏறியது.

அடுத்த பேப்பர் நாள் காலை அக்கா அதே சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு, பேனையைக் கையில் பிடித்தபடி மாமரத்தடியில் நின்றார். அண்ணை படலையில் சைக்கிளோடு நின்றார்.

'அப்பா, நான் ஏத்திக்கொண்டு போறன். நானே கொண்டுபோய் நானே கூட்டிக்கொண்டு வாறன்.'

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இடுப்பு முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

'நீ போ தம்பி, நேரம் போகுது' என்றார்.

அண்ணை போனார். அக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். அங்கே நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

'எடி, உன்ரை பேச்சை ஒருக்கால் சொல்லு.'

'போட்டிதான் முடிஞ்சுதே.'

'பரவாயில்லை, சொல்லு. கிணத்துக்கை கேக்கிற மாதிரிச் சொல்லு.'

நான் சொன்னேன். மூச்செடுக்கும் இடமெல்லாம் சரியாக எடுத்து, தொண்டை கிழியச் சொன்னேன். அக்கா கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வாளியை இறக்கவில்லை. குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. 'எங்கடை டொக்டரம்மா தொடங்கியிட்டா' என்றார். இரண்டு நாளாக இல்லாத நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

முடிவு வந்தபோது அண்ணைதான் போய்ப் பார்த்து வந்தார். 'எனக்குப் பெயில்' என்றார். அம்மா தலையில் கை வைத்தார். 'அவள் எழுதின ஒரு பாடத்துக்கு ஏ' என்றும் சொன்னார். குசினிக்குள் திருவலைச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி கேட்டது. அதற்குள் அக்காவுக்கு நோர்வேயில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. வருடம் திரும்புவதற்குள் கிளாலிக் கடலைப் படகால் கடந்து கொழும்புக்குப் போய், விமானம் ஏறிவிட்டார்.

அண்ணை கொடிகாமத்தில் அப்பாவின் தேங்காய் வியாபாரத்தையே எடுத்து நடத்தி நன்றாக இருக்கிறார். பெடியளுக்குப் பந்தும் பழக்குகிறார். அக்காவுக்கு நோர்வேயில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. பிரசர் பார்ப்பது, குளிசை கொடுப்பது. ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன், அந்த நாளை நினைப்பதில்லையா என்று. 'பந்து கம்பத்திலை பட்டுத் திரும்பியிட்டுது, அவ்வளவுதான்' என்று சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அக்கா ஒருமுறையாவது கத்தியிருக்கலாம்.

ஆனால் அக்கா கத்தித்தான் இருந்தார். என் தொண்டையால். ஆங்கிலம் ஓரளவு பிடிபட்ட பிறகு, கொழும்பில் ஒருநாள் குளித்துக்கொண்டு நிற்கையில் அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கருத்தாக மாறத் தொடங்கின. தண்ணீரை நிறுத்தாமல் அப்படியே நின்றேன்.

அம்மா தன் கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். சேலை பாரமென்று வீட்டுக் கவுண்தான் போடுவார். முட்டு முற்றிவிட்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் கட்டிலில் சாய்ந்துகொண்டு திடீரென்று கேட்டார்.

'பிள்ளை, நீ முந்திக் கிணத்தடியிலை இங்கிலீசிலை ஒண்டு கத்துவியே. அதுக்கு என்ன கருத்து?'

நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

'நான் வாழ்க்கையில் போய்ச் சேர வேண்டிய இடம், ஒரு டொக்டராவது. என்னை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு விளக்குத்தான். அது இன்னொருவருக்கு எரிகிறது. நான் அவருக்காகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தே எல்லாவற்றையும் பாடமாக்கிவிட்டேன். என்னைச் சோதித்துப் பாருங்கள். என் முதல் நோயாளி என் அம்மா. அவர் இரவில் மூச்சுக்குத் தவிப்பதை நான் நிறுத்துவேன்.'

அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நெஞ்சு விசிலடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

'அது அவளின்ரையே?'

'ஓம் அம்மா.'

'அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.'

'ஒவ்வொரு நாளும் சொன்னனான்தானே அம்மா' என்றேன். 'நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்.'

கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது கை மெல்ல நகர்ந்து இடுப்புக்குப் போனது. கவுண் துணியை விரலால் தடவித் தடவி, அங்கே இல்லாத முடிச்சை அவிழ்க்கத் தேடிக்கொண்டிருந்தது.